குறிப்பு: சைக்கிளில் செல்பவர்

என்னுடைய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மூன்று வருடங்களாக இந்த ஊரில் நான் அதிகம் சொன்ன வசனம் இதுதான். அது வீட்டின் பின்விறாந்தையில், மனைவியின் பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு சுகமாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையை விலக்கி, ஒருதரம் உதைத்து இயக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போர்த்திவிடுவேன். எனக்கும் ஒரு வருத்தமும் இல்லை. சீனி இல்லை, பிறஷர் இல்லை. குடித்துவிட்டு ஓடி லைசென்சைப் பறிகொடுத்தவனும் இல்லை. எனக்குச் சைக்கிள் ஓட விருப்பம், ஓடுகிறேன். இந்தக் கடைசி விடையை மட்டும் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் ஏற்றுக்கொள்வதில்லை.

நான் சீவரத்தினம். கல்வியங்காட்டுக்குப் பக்கத்தில் வடலியடி என்ற பிரிவின் கிராம அலுவலர். அரசாங்கம் அப்படி எழுதும், சனங்கள் இன்னும் விதானையார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எவருக்கு வீடு இல்லை, எவர் ஏழை, எவர் ஏழை மாதிரி நடிக்கிறவர் என்று விசாரித்து எழுதிக் கையெழுத்து வைத்து முத்திரை குத்துவது என் வேலை. இருபத்தெட்டு வருடமாகக் குத்துகிறேன். இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோல் இல்லாமல் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். நான் மூன்று நாள் வரிசையில் நின்றேன். நாலாம் நாள் காலை, எனக்கு முன்னால் ஏழு பேர் மட்டும் நிற்கும்போது, முடிந்துவிட்டது என்று பலகை தொங்கவிட்டார்கள். வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகள் சாருஜா கல்யாணம் முடித்துக் கொழும்புக்குப் போகும்போது விட்டுப்போன லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடை வைத்தது, சுவரோடு சாய்ந்து நின்றது. காற்றடித்து ஏறினேன். அந்த நாட்களில் டொக்டர், அதிபர், வங்கி மனேச்சர் எல்லாரும் சைக்கிளில்தான். சந்தியில் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், உடம்புக்கு எவ்வளவு நல்லது, இனி வாழ்நாள் முழுக்க இதுதான் என்று. பெற்றோல் வந்த அன்று பின்னேரமே எல்லாருடைய உடம்பும் பழையபடி கெட்டுப்போகச் சம்மதித்துவிட்டது. நான் ஒருவன் மட்டும் இறங்க மறந்துவிட்டேன்.

உண்மையில் மறக்கவில்லை, மனம் வரவில்லை. காலை ஏழரைக்கு ஒழுங்கைக்குள்ளால் போகும்போது எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் புட்டு என்பது சைக்கிளில் போகிறவனுக்குத்தான் தெரியும். விதானைக்கு அதைவிட வேறு என்ன தகவல் வேண்டும்.

ஆனால் ஊருக்கு இது விளங்கவில்லை. பருத்தித்துறை வீதியில் போய்க்கொண்டிருப்பேன். ஒரு கார் மெதுவாகப் பக்கத்தில் வரும். கண்ணாடி இறங்கும். உள்ளேயிருந்து குளிர்காற்று ஒருமுறை என் முகத்தில் அடிக்கும். "என்ன விதானையார், மோட்டார்சைக்கிள் பழுதோ?" இல்லை என்பேன். "டொக்டர் சொன்னவரோ?" இல்லை என்பேன். அதற்குமேல் கேட்கமாட்டார்கள், முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் ஒரு காலம் வரும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றுவார்கள். என்ன காலம் என்று கேட்பதற்குள் கார் போய்விடும்.

பெரிய கடை ஒன்றில் சீனி வாங்கப் போனேன். முன்னால் பத்துக் கார் விடக்கூடிய இடத்தில் இரண்டு கார்தான் நின்றது. காவலாளி ஓடிவந்து, "ஐயா, இது வாகனம் விடுற இடம்" என்றார். இதுவும் வாகனம்தான் என்றேன். "அது சரி, ஆனா வாகனம் வந்தால்?" என்றார். பின்பக்கம் குப்பைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் என் சைக்கிளுக்கு இடம் கிடைத்தது. கோப்பாய்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு, கந்தோரில் கூட வேலைசெய்பவரின் மகளின் கல்யாணத்துக்கு, வேட்டி சால்வையோடு சைக்கிளில் போனேன். வாசலில் நின்ற பெடியன் என்னை மேலும் கீழும் பார்த்து, "சமையல் ஆக்கள் அந்தப் பக்கத்தாலை" என்றான். வேட்டி கட்டின சமையல்காரர் என்று நினைத்திருப்பான். அன்றைக்குப் பாயாசம் நன்றாக இருந்தது, நான் முதல் ஆளாக அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று குடித்தேன்.

எங்கள் ஒழுங்கைகள் மாட்டு வண்டிலுக்காக விடப்பட்டவை. மதில்கள் வருடம் அரையடி வெளியே வருகின்றன, வான்கள் வருடம் அரையடி அகலிக்கின்றன. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுக்காரர் வந்திறங்கினால், ஒழுங்கைக்குள் இரண்டு வான் முகத்துக்கு முகம் நிற்கும். இரண்டு சாரதியும் பின்னுக்கு எடுக்கமாட்டார்கள், அது பரம்பரைக்கே இழுக்கு. கடைசியில் இருவரும் ஒற்றுமையாக ஒரு முடிவுக்கு வருவார்கள். சைக்கிள்காரன் இறங்கி வழிவிட்டால் எல்லாம் சரிவரும் என்பது அந்த முடிவு. இந்த மாசி மாதம் அப்படி ஒருவர் என்னைக் கேட்காமலே இறக்கிவிட்டார், நேரே வாய்க்காலுக்குள். முழங்காலில் ஆறு தையல். வான்காரர் கண்ணாடியை இறக்கி, "பாத்துப் போங்கோ ஐயா" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

திருவிழாவுக்கே போனால் அது இன்னொரு கூத்து. கோயிலைச் சுற்றியுள்ள வளவுகளில் முந்தியெல்லாம் சைக்கிள் பாதுகாப்பு நிலையம் என்று பலகை போட்டுத் துண்டு கிழித்துத் தருவார்கள். இந்த வருடமும் அதே பலகை தொங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தால் முழுக்கக் கார். துண்டு கிழித்துக்கொண்டிருந்த மனிசி என் சைக்கிளைப் பார்த்துக் கலங்கிப்போய், "சைக்கிளோ? அதை எங்கை விடுறது?" என்றா. நான் பலகையைக் காட்டினேன். "அது பழைய பலகை ஐயா" என்றா.

இனி விசயத்துக்கு வருகிறேன். வைகாசி மாதம் குணலட்சுமி என் கந்தோருக்கு வந்தா. எங்கள் பிரிவில் இருக்கிறவ, ஐம்பது வயது, புருசன் இல்லை. விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து, இருபாலைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகள் இரண்டுக்குக் கொடுக்கிறா. மூன்று கிலோமீற்றர், தலையில் ஓலைக் கடகத்தோடு நடை. அந்த நேரத்து பஸ்காரர் கடகத்தை ஏற்றமாட்டார்.

"ஐயா, ஆறு மணிக்கு முதல் கொண்டுவராட்டி வேறை ஆளிட்டை எடுப்பன் எண்டு கடைக்காரர் சொல்லிப்போட்டார். எனக்கு ஒரு சைக்கிள் எடுத்துத் தாங்கோ. கரியர் அகலமா இருந்தால் காணும். புதிசு எண்டும் இல்லை" என்றா.

இருபத்தெட்டு வருடத்தில் இவ்வளவு சின்ன விண்ணப்பம் என் மேசைக்கு வந்ததில்லை. தருவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து சுரேஸ் எடுத்தான். சுரேஸ் என் மனைவி உதயகலாவின் தம்பி. வடலியடி மக்கள் ஒன்றியம், ரொறன்ரோ என்று அவர்கள் அங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், இவன் தலைவர். பத்துப் பேருக்கு வாழ்வாதார உதவி செய்யப்போகிறோம், பேர் தாங்கோ அத்தான் என்றான். நான் பத்துப் பேர் எழுதினேன். ஒவ்வொருவருக்கும் என்ன தேவை என்பதையும் எழுதினேன். தையல் மெசின், தண்ணீர்ப் பம்பு, கோழிக்கூடு. பத்தாவது, குணலட்சுமி, அகலக் கரியர் வைத்த சைக்கிள்.

ஆடி கடைசியில் பட்டியல் திரும்பி வந்தது, கலரில், சின்னம் போட்டு, நான் கையெழுத்து வைத்து முத்திரை குத்துவதற்காக. பத்துப் பேருக்கும் ஸ்கூட்டி என்று மாற்றியிருந்தார்கள். கோழிக்கூடு கேட்டவருக்கும் ஸ்கூட்டி. சரி, கோழிகள் உலாப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு கீழே போனேன். பத்தாவது இடத்தில் குணலட்சுமி இல்லை. அங்கே இப்படி இருந்தது: ஆ. சீவரத்தினம், வயது 59, தொழில்: கிராம அலுவலர், குறிப்பு: சைக்கிளில் செல்பவர்.

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தேன். இதில் நான் முத்திரை குத்தினால், வடலியடியில் உள்ள பத்துப் பரம ஏழைகளில் நானும் ஒருவன் என்று நானே அத்தாட்சிப்படுத்தியதாகும். பிறகு விசாரணை வரும், பென்சன் நிற்கும், விதானை தன்னுடைய பேரையே போட்டுவிட்டார் என்று பேரன் காலம்வரை கதைப்பார்கள். அதைவிட எனக்கு உறைத்தது வேறு. சைக்கிள் கேட்ட மனிசியை வெட்டிவிட்டு, சைக்கிள் வைத்திருக்கிறவனைப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த கிழமை சுரேஸ் வந்திறங்கினான். வாடகை வான், உள்ளே பத்துப் பேர் படுக்கலாம், வந்தது இவன் ஒருவன். வான் எங்கள் படலைக்குள் போகாமல் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றது. விறாந்தையில் இருத்தி உதயகலா தேத்தண்ணி கொடுத்தா. நான் பட்டியலை அவன் மடியில் வைத்தேன்.

"சுரேஸ், இதென்ன?"

"கூச்சப்படாதையுங்கோ அத்தான். எங்கடை குறூப்பிலை உங்கடை படத்தைப் பாத்து எத்தினை பேர் அழுதவை தெரியுமோ."

"என்ன படம்?"

போனைக் காட்டினான். பின்பக்கத்தால் எடுத்த படம். மழையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க நான் லேடீஸ் சைக்கிளில் போகிறேன். முன்கூடையிலிருந்து நாலு முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே, 'தாயகத்தில் ஓர் அரச ஊழியரின் நிலை' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே எண்பத்தாறு பேர் கண்ணீர் விட்டிருந்தார்கள். ஒருவர், இதைப் பார்க்கவா நாங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டோம் என்று கேட்டிருந்தார். எனக்கு நல்ல ஞாபகம், அன்றைக்கு அந்த முருங்கைக்காயை மலிவாக வாங்கிய சந்தோசத்தில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். பின்பக்கப் படத்தில் பாட்டுத் தெரியாதுதானே.

"ஆர் எடுத்தது உந்தப் படத்தை?"

"அதை விடுங்கோ."

"என்ரை மோட்டார்சைக்கிள் பின்னுக்கு நிக்குது. வந்து பார்."

"தெரியும் அத்தான். பெற்றோல் அடிக்க வசதியில்லாமல்தானே நிக்குது."

நான் பேச்சை மாற்றினேன். "அப்ப குணலட்சுமி?"

"அவா சைக்கிள் கேட்டிருக்கிறா. எங்கடை திட்டத்திலை சைக்கிள் இல்லை. சைக்கிள் குடுக்கிற படம் போட்டால் இந்தக் காலத்திலை எடுபடாது."

"அப்ப அந்தப் பத்தாவது ஸ்கூட்டியையாவது அவாவுக்குக் குடு."

"உங்கடை பேரைச் சொல்லித்தான் அதுக்குக் காசு சேர்ந்தது. மாத்தினால் காசு தந்தவை என்னை என்ன நினைப்பினம்?"

இதற்கிடையில் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டு போனவன், ஒரு படத்தில் நின்றான். ரொறன்ரோவில் ஏரிக்கரையில் இவன், தலையில் கவசம், உடம்போடு ஒட்டின உடுப்பு, கீழே மெல்லிய ரயர் போட்ட விலை உயர்ந்த சைக்கிள். சனிக்கிழமைகளில் நாற்பது கிலோமீற்றர் ஓடுவானாம். டொக்டர் சொல்லி இல்லையாம், விருப்பத்துக்காம்.

"அப்ப இஞ்சையும் ஓடலாமே. கோயில் வரைக்கும் ரெண்டு கிலோமீற்றர்தானே."

"இஞ்சையோ?" என்று உண்மையாகவே திடுக்கிட்டான். "இஞ்சை பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம் அத்தான்."

அவன் மடியிலிருந்த பட்டியலை மேசையில் வைத்து, அவனுக்கு முன்னாலேயே பேனையால் என் பேரை வெட்டி, மேலே குணலட்சுமியின் பேரை எழுதி, பக்கத்தில் சிறுகையொப்பம் வைத்து, அடியில் முத்திரையைக் குத்தினேன். மேசை அதிர்ந்தது. சுரேஸ் அதை மடித்துப் பொக்கற்றில் வைத்தான். உதயகலா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. முடிந்தது என்று நான் நினைத்தேன்.

விழா எங்கள் சனசமூக நிலையத்தில், காலை பத்து மணிக்கு. அழைப்பிதழில் என் பேர் இரண்டு இடத்தில் இருந்தது. மேலே சிறப்பு விருந்தினர், மங்கல விளக்கேற்றுபவர். கீழே பயனாளி, இலக்கம் பத்து. முதலே அடித்த அழைப்பிதழாக இருக்கும் என்று நம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது வீதி முழுக்க வானும் காரும். வாழ்வாதாரம் இல்லாதவர்களுக்கு வாகனம் கொடுக்கிற விழாவுக்கு வந்த வாகனங்களால் அரை மணித்தியாலம் பஸ் போகவில்லை. சைக்கிளை நிலையத்தின் பின்பக்கம், அடுப்படியில் சாத்தினேன். அங்கே குணலட்சுமி வடை சுட்டுக்கொண்டிருந்தா. சிற்றுண்டிக்கு அவவிடம்தான் சொல்லியிருந்தார்கள். வடைக்கு மட்டும் அவவின் பேர் எல்லாருக்கும் நினைவு வந்திருக்கிறது.

"ஐயா, என்ரை பேர் இருக்கோ?" என்றா.

"இருக்கு. நான் எழுதிக் கையெழுத்து வைச்சனான்."

"கடைக்காரர் இந்தக் கிழமைதான் கடைசி எண்டவர். இண்டைக்குக் கிடைச்சால் நாளைக்குக் காலமை கொண்டுபோடுவன்" என்று சொல்லிவிட்டு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தா. முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கிடைக்கப்போவது சைக்கிள் இல்லை, ஸ்கூட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முன்னால் வந்து மேடையைப் பார்த்தேன். மேடைக்குப் பின்னால், பத்தடி அகலத்தில் ஒரு பதாகை. அதில் நான். நனைந்த முதுகு, லேடீஸ் சைக்கிள், நாலு முருங்கைக்காய். ஒவ்வொரு முருங்கைக்காயும் ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. அதற்குக் கீழே நின்று நான் மங்கல விளக்கேற்றினேன். இரண்டு பேர் படம் எடுத்தார்கள், என் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே படத்தில் வந்திருக்கும்.

சுரேஸ் பேசினான். ஊரை மறக்கவில்லை என்றான், மறக்கமுடியாது என்றான், மறக்கமாட்டோம் என்றான். பிறகு ஒவ்வொரு பேராக வாசித்தார்கள். ஒவ்வொருவரும் வந்து திறப்பை வாங்கி, பூட்டில் போட்டு, ஸ்கூட்டியில் ஏறி இருந்து, படத்துக்குச் சிரித்துவிட்டு இறங்கினார்கள். கோழிக்கூடு கேட்டவர் மட்டும் சிரிக்க மறந்துவிட்டதால் இரண்டாம் தரம் ஏறவேண்டி வந்தது. பத்தாவதாக, அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்தி, தழுதழுக்க வைத்துக்கொண்டு, "எங்கள் அன்புக்குரிய விதானையார்" என்றார்.

நான் எழும்பி ஒலிவாங்கியைப் பிடித்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

"இந்தப் பட்டியலிலை பத்தாவது பேர் குணலட்சுமி. நான் முத்திரை குத்தினது அந்தப் பேருக்குத்தான். எனக்கு ஒரு குறையும் இல்லை. என்ரை மோட்டார்சைக்கிள் வீட்டிலை நிக்குது, அதுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் விருப்பத்துக்குத்தான் சைக்கிள் ஓடுறன்."

கைதட்டல் எழும்பியது, கொஞ்சமாக இல்லை, மண்டபமே அதிர. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தா. பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், எவ்வளவு கஷ்டத்திலையும் விட்டுக்குடுக்குது பார் மனிசன்" என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. உண்மையைச் சொல்லி ஏழையானவன் இந்த வடமாகாணத்தில் நானாகத்தான் இருப்பேன்.

குணலட்சுமியைக் கூட்டிவந்தார்கள். கையில் மாவும் எண்ணெயும். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுத் திறப்பை வாங்கினா. ஸ்கூட்டியைப் பார்த்தா, பதாகையைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையை நான் தாங்கவில்லை.

"தம்பி, எனக்கு உது ஓடத் தெரியாது. பெற்றோல் அடிக்கவும் வழியில்லை. நான் கேட்டது சைக்கிள்" என்றா சுரேஸிடம். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"இப்ப படத்துக்கு நில்லுங்கோ அக்கா, பேந்து கதைப்பம்" என்றான் சுரேஸ், சிரித்த வாய் மூடாமல்.

படம் எடுத்தார்கள். சனம் வடை தின்றுவிட்டுக் கலைந்தது. பேந்து கதைத்ததும் நடந்தது. லைசென்ஸ் இல்லாதவருக்குக் கொடுத்து ஏதும் நடந்தால் ஒன்றியத்துக்குப் பேர் கெட்டுவிடுமாம், லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வரட்டுமாம், அதுவரை நிலையத்தில் பத்திரமாக நிற்கட்டுமாம். திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஸ்கூட்டியை வாசிகசாலை அறைக்குள் உருட்டி, தூசி படாமல் பதாகையால் மூடினார்கள். இன்றைக்கும் அது என் முதுகுக்குக் கீழேதான் நிற்கிறது.

நான் அடுப்படிக்குப் போனேன். குணலட்சுமி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தா.

"அப்ப எனக்கு ஒண்டும் இல்லையோ ஐயா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இருபத்தெட்டு வருடம் முத்திரை குத்திய கைக்கு ஒரு மனிசிக்குச் சைக்கிள் ஒன்று எடுத்துக் கொடுக்க ஏலவில்லை என்று வெட்கமாக இருந்தது. சுவரில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்து அவவுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"இதைக் கொண்டுபோங்கோ. கரியர் அகலமில்லை, பலகை ஒண்டு கட்டினால் கடகம் நிக்கும்."

"நீங்கள் எதிலை போவியள்?"

"எனக்கு மோட்டார்சைக்கிள் கிடக்கு."

முதல் முறையாக ஒருவர் அதை நம்பினார். அவ இருக்கையைக் கொஞ்சம் பதித்துப் பார்த்தா, பெல்லை ஒருதரம் அடித்துப் பார்த்தா, வடைச் சட்டியைக் கூடைக்குள் வைத்து ஏறிப் போய்விட்டா. ஒருமுறைகூடத் தள்ளாடவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்தது, கொஞ்சம் காலியாகவும் இருந்தது. மூன்று வருடம் அந்த இருக்கையில் இருந்தவன் நான்.

வீட்டுக்கு நடந்தேன். வழியில் மூன்று கார் நின்றது. மூன்றாவது ஆள், "சைக்கிளும் போயிட்டுதோ?" என்று கேட்டார்.

உதயகலா படலையிலேயே நின்றா. விழாவுக்கு வரவில்லை, தலையிடி என்றவ. "எங்கை சைக்கிள்?" என்றா. கொடுத்துவிட்டேன் என்றேன். கேட்டதும் விறாந்தைக் கதிரையில் போய் இருந்தா, இரண்டு கையையும் மடியில் வைத்தா. முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது.

"அவ்வளவு வெக்கமோ உனக்கு?" என்றேன்.

"அந்தப் படம் நான்தான் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினனான்" என்றா.

நான் வாயில் வந்தது எல்லாம் ஏசினேன். ஊர் சிரிக்க வைத்துவிட்டாய், என்னைப் பிச்சைக்காரன் ஆக்கிவிட்டாய், முருங்கைக்காயோடு மேடை ஏற்றிவிட்டாய் என்றேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தா.

"மாசியிலை உங்களை ஓட்டோவிலை கொண்டுவந்து இறக்கேக்கை, காற்சட்டை முழுக்க ரத்தம். நான் உங்களை உயிரோடை பாக்கிறன் எண்டு நினைக்கேல்லை. சைக்கிளை விடுங்கோ எண்டு எத்தினை தரம் கெஞ்சினனான். பயத்துக்கு நீங்கள் விடேல்லை. வெக்கத்துக்கெண்டாலும் விடுவியள் எண்டு பாத்தன்."

கெஞ்சியது உண்மை. ஒவ்வொரு முறையும் நான் பகிடி விட்டுக்கொண்டு படலையைத் திறந்து போயிருக்கிறேன். அவ அழவில்லை, சொல்லிவிட்டு என் முழங்காலைப் பார்த்தா, அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் என்னோடு இருந்தவ, ஒருநாளும் பொய் சொல்லாதவ, என்னை உயிரோடு வைத்திருக்க எனக்கே சூழ்ச்சி செய்திருக்கிறா. இன்னொரு சைக்கிள் வாங்குவம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன், அதைப் பிறகு நினைக்கவில்லை. அடுத்த நாள் காலை பின்விறாந்தைக்குப் போய் மோட்டார் சைக்கிளின் சேலையை உருவி மடித்து வைத்தேன்.

ஊருக்கு நிம்மதி வந்துவிட்டது. கண்ணாடி இறங்கவில்லை, ஒருவரும் காலம் வரும் என்று ஆறுதல் சொல்லவில்லை. கனடாக்காரர் உதவியால் விதானையார் நிமிர்ந்துவிட்டார் என்று ஒரு கதை, நான் மறுத்தும் நிற்கவில்லை. பெரிய கடைக் காவலாளி எனக்குக் கை காட்டி இடம் பிடித்துத் தந்தார். எந்த வீட்டில் சண்டை என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கந்தோருக்கு இருபது நிமிடம் எடுத்தது ஆறு நிமிடமானது, ஆனால் அந்த ஆறு நிமிடமும் எனக்கு நீளமாக இருந்தது. முன்னால் போகிற எல்லாரும் வேண்டுமென்றே மெதுவாகப் போகிறார்கள் என்று படத் தொடங்கியது.

புரட்டாதி நடுவில் ஒரு காலை, இருபாலைப் பக்கம் ஒருவரைப் பார்த்துவிட்டு, வடலியடியில் ஒரு காணி விசாரணைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு நிற்கவேண்டும், ஐந்து நிமிடம் பிந்திவிட்டது. எதிரே பஸ் வருகிறது, பின்னால் ஒரு வான் என் பின் ரயரை முட்டுமாப்போல் நெருக்குகிறது. முன்னால், வீதியின் கரையோடு, வெள்ளைக் கோட்டுக்கும் வெளியே ஒரு சைக்கிள். கரியரில் பலகை கட்டி, பலகையில் வெறுங்கடகம். அது யார் என்று கண் சொல்வதற்கு முதலே என் பெருவிரல் ஹோனை அழுத்திவிட்டது. சும்மா ஒரு தட்டுத் தட்டவில்லை, நீளமாக.

சைக்கிள் நடுங்கி, கல்லுக்குள் இறங்கி நின்றது. கடகம் சரிந்தது. குணலட்சுமி ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தா. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"விதானையாரோ? குறை நினையாதையுங்கோ ஐயா, நான்தான் வழியிலை வந்திட்டன்" என்றா.

நீங்கள் வழியில் வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் வான்காரன் ஹோன் அடித்தான். நான் போய்விட்டேன்.